53 பேர் இருந்தும் போதவில்லை: அமெரிக்க செனட்டின் 60 வாக்குக் கணக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க செனட்டில் 100 பேர். 2025 அக்டோபரில் அதில் 53 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள். அதிபர் பதவியும் பிரதிநிதிகள் சபையும் அவர்கள் வசம்தான். அப்படியிருந்தும் ஒரு தற்காலிகச் செலவு மசோதாவை நிறைவேற்ற முடியாமல் 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. ஃபிலிபஸ்டர்தான் காரணம் என்கிறார்கள், அதாவது விவாதத்தை முடிக்கவிடாமல் மசோதாவைத் தடுக்கும் உத்தி. பாதிக்கு மேல் கையில் இருந்தும் முடியவில்லை என்றால் அது என்ன விதி, அதை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

மசோதாவை நிறைவேற்ற சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் "பேசியது போதும், வாக்கெடுப்புக்குப் போவோம்" என்று முடிவெடுக்க 60 பேர் வேண்டும். அந்த 60 சேராதவரை விவாதம் முடியவில்லை என்றே கணக்கு, அவையில் ஒருவர்கூட வாய் திறக்காவிட்டாலும். அந்த அக்டோபரில் செனட் திரும்பத் திரும்ப வாக்களித்தது. ஆதரவு 55ஐத் தாண்டவே இல்லை. நவம்பர் 9 ஞாயிறு இரவு ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து கூடுதலாக ஐந்து பேர் வந்து சேர்ந்த பிறகுதான் 60-40 என்று ஆனது. மூன்று நாளில் அது சட்டமானது.

ஃபிலிபஸ்டர் என்றதும் பலருக்கு நினைவு வருவது மணிக்கணக்கில் நின்றுகொண்டே பேசும் ஒரு செனட்டர். அப்படிப் பேசியவர்கள் உண்டு. லூசியானாவின் ஹியூய் லாங் 1935இல் பதினைந்தரை மணி நேரம் பேசினார். விஷயம் தீர்ந்துபோன இடத்தில் சிப்பி வறுக்கும் செய்முறையெல்லாம் சொன்னார், அது அவைக் குறிப்பில் ஏறியது. தென் கரோலினாவின் ஸ்ட்ரோம் தர்மண்ட் 1957 ஆகஸ்டில் கறுப்பின மக்களின் வாக்குரிமை சார்ந்த மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். நடுவில் கழிப்பறைக்குப் போக நேரக்கூடாது என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்பில் இருந்த நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மாநிலத்தின் தேர்தல் சட்டத்தையும் வரிசையாக வாசித்தார். அவர் உட்கார்ந்து சில மணி நேரத்திலேயே மசோதா நிறைவேறிவிட்டது. 2025 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சியின் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி அந்தச் சாதனையை முறியடித்தார். அதுவும் டிரம்ப் அரசுக்கு எதிரான ஒரு நெடும்பேச்சுதான், எந்த மசோதாவும் அதனால் நிற்கவில்லை.

உண்மையில் மசோதாக்களைக் கொல்லும் ஃபிலிபஸ்டருக்குப் பேச்சே கிடையாது. சிறுபான்மைக் கட்சி தன் எதிர்ப்பைத் தெரிவித்துவிடும், பெரும்பாலும் அலுவலர்கள் மூலமாகவே. பெரும்பான்மைத் தலைவர் தலை எண்ணிப் பார்ப்பார். 60 தேறாது என்றால் அந்த மசோதாவை எடுக்கவே மாட்டார். எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். விவாதத்தை முடிக்கக் கோரும் குளோச்சர் மனுவில் 16 செனட்டர்கள் கையெழுத்திட வேண்டும். மனு கொடுத்த பிறகு இடையில் ஒரு முழு நாள் காத்திருந்துதான் வாக்கெடுப்பு. 60 கிடைத்தாலும் அதன் பிறகு 30 மணி நேரம் வரை விவாதம் நடத்தலாம். இத்தனையும் "இந்த மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா" என்ற முதல் கேள்விக்கே ஒருமுறை, மசோதாவுக்கு இன்னொரு முறை. வம்பு பண்ண வேண்டும் என்று ஒரு தரப்பு முடிவுசெய்தால் ஒரே மசோதா ஒரு வாரத்துக்கு மேல் தின்றுவிடும். செனட்டுக்கு ஓர் ஆண்டில் இருக்கும் வாரங்கள் எத்தனை? அதனால்தான் வெறும் மிரட்டலே போதுமானதாக இருக்கிறது.

இதெல்லாம் அரசியலமைப்பை எழுதியவர்கள் திட்டம் போட்டுச் செய்தது என்று ஒரு பேச்சு உண்டு. பிரதிநிதிகள் சபையின் கொதிப்பை செனட் ஆற்ற வேண்டும் என்று வாஷிங்டன் ஜெபர்சனிடம் சொன்னதாக ஒரு கதையை அமெரிக்காவில் அடிக்கடி சொல்வார்கள், நம் டபராவில் ஊற்றி ஆற்றும் காபி மாதிரி. அப்படி ஓர் உரையாடல் நடந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அரசியலமைப்பில் ஃபிலிபஸ்டர் என்று ஒரு வார்த்தையும் இல்லை. எங்கெல்லாம் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று நினைத்தார்களோ அங்கெல்லாம் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்: வெளிநாட்டு ஒப்பந்தம், பதவிநீக்க விசாரணையில் தண்டனை, உறுப்பினரை வெளியேற்றுவது, அதிபரின் வீட்டோவை முறியடிப்பது, அரசியலமைப்புத் திருத்தம். சாதாரணச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய கூட்டமைப்பு ஆட்சியில் முக்கியமான எதற்கும் 13 மாநிலங்களில் 9 சம்மதிக்க வேண்டும் என்றிருந்து, எதுவும் நகராமல் அவதிப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பான்மைக்கு மேல் கேட்பது சிறுபான்மையின் கையில் தடுப்பு அதிகாரத்தைக் கொடுப்பதாகும் என்று அலெக்ஸாண்டர் ஹாமில்டன் அப்போதே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? கவனக்குறைவிலிருந்து. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று பெரும்பான்மை தீர்மானிக்கும் ஒரு விதி தொடக்கத்தில் இரு அவைகளிலும் இருந்தது. 1805இல் துணை அதிபர் பதவியிலிருந்து விலகும்போது ஆரன் பர், அந்த விதியை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, விதிப்புத்தகத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 1806இல் செனட் அதை எடுத்துவிட்டது. அதன் விளைவு யாருக்கும் உடனே உறைக்கவில்லை. 1830களில்தான் பேசிப் பேசியே தடுக்கலாம் என்று ஆட்கள் கண்டுபிடித்தார்கள்.

பிரதிநிதிகள் சபை அந்த விதியை வைத்துக்கொண்டது. அங்கேயும் வேறு விதமான இழுத்தடிப்பு இருந்தது: உறுப்பினர்கள் அவையில் உட்கார்ந்துகொண்டே பெயர் அழைக்கும்போது பதில் சொல்ல மாட்டார்கள், குறைந்தபட்ச வருகை இல்லை என்று வாக்கெடுப்பு செல்லாமல் போகும். 1890 ஜனவரியில் சபாநாயகர் தாமஸ் ரீட், கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவர்களை வந்திருப்பதாகவே குறித்துக்கொள்ளச் சொன்னார். கென்டக்கி உறுப்பினர் ஒருவர் எழுந்து, என்னை வந்தவனாகக் கணக்கிட உங்களுக்கு அதிகாரமில்லை என்று கத்தினார். உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், இல்லை என்கிறாரா என்று ரீட் திருப்பிக் கேட்டார். அத்தோடு அந்தச் சபையில் பெரும்பான்மை ஆட்சி நிலைத்தது.

பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே காலம்தான். 1881இல் அயர்லாந்து உறுப்பினர்கள் 41 மணி நேரம் சபையை இழுத்தடித்தபோது சபாநாயகர் ஹென்றி பிராண்ட் தன் பொறுப்பில் விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்பு நடத்தினார். அதன் பிறகு விவாதத்தை முடிக்கும் விதி அங்கே எழுதப்பட்டது. இந்திய நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது அந்த வழியைத்தான். நம் ஊரில் எதிர்க்கட்சி பேசியே மசோதாவைக் கொல்ல முடியாது. அதனால்தான் அவையின் மையப்பகுதிக்குப் போய்க் கோஷம் போடுகிறார்கள். அது தனிக் கதை.

செனட்டில் முதல் கடிவாளம் 1917இல் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எதிராக வணிகக் கப்பல்களில் ஆயுதம் பொருத்தும் மசோதாவைப் பத்துப் பன்னிரண்டு செனட்டர்கள் கூட்டத்தொடர் முடியும்வரை இழுத்தடித்துவிட்டார்கள். அதிபர் வில்சன் கொதித்துப் போனார். நாலே நாளில் 22ஆம் விதி வந்தது: மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் விவாதத்தை முடிக்கலாம். 1975இல் அதை ஐந்தில் மூன்றாகக் குறைத்தார்கள். 67 கேட்ட இடத்தில் 60, நல்ல சீர்திருத்தம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு சின்ன மாற்றம் ஒளிந்திருந்தது. அதற்கு முன்பு கணக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு. எதிர்ப்பவர்கள் நள்ளிரவில் வீட்டில் தூங்கினால் தோற்பார்கள். 1975க்குப் பிறகு கணக்கு பதவியில் இருக்கும் மொத்த செனட்டர்களில் ஐந்தில் மூன்று. எதிர்ப்பவர்கள் அவைக்கு வரவே வேண்டாம். 60 பேரைச் சேர்க்கும் பாடு முழுவதும் ஆதரிப்பவர்கள் தலையில்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இன்னொன்றும் நடந்தது. ஒரு மசோதா ஃபிலிபஸ்டரில் சிக்கினால் செனட்டின் எல்லா வேலையும் நின்றுபோகிறதே என்று, அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைத் தொடரும் இரட்டைத் தட முறையைக் கொண்டுவந்தார் அன்றைய தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்டு. நல்ல எண்ணம்தான். விளைவு, தடுப்பவருக்கு வலியும் இல்லை, ஊராரின் கோபமும் இல்லை. 1917 முதல் 1970 வரை அரை நூற்றாண்டில் குளோச்சர் மனுக்கள் 60 அளவில்தான். அண்மை ஆண்டுகளில் இரண்டாண்டு நாடாளுமன்றக் காலம் ஒன்றிலேயே 300ஐத் தாண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நியமனங்களுக்கானது, எல்லாமே ஃபிலிபஸ்டர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

இந்த விதி நீண்ட காலம் யாருக்குப் பயன்பட்டது என்பதை மூடி மறைக்கக் கூடாது. தென் மாநிலக் கறுப்பின மக்களின் வாக்கைக் காக்க வந்த 1890ஆம் ஆண்டுத் தேர்தல் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி செனட்டில் ஃபிலிபஸ்டரால் செத்தது. கும்பல் அடித்துக் கொல்வதை மத்தியக் குற்றமாக்கும் மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நின்றது. 1938இலும் அதே கதை. 2005இல் செனட் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. சட்டம் வந்தது 2022 மார்ச்சில், நூறு ஆண்டு கழித்து.

இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்துக்கு நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் செனட்டில் வேறு எதுவும் நடக்கவில்லை. ஜூன் 9 இரவு மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பைர்டு பேச ஆரம்பித்தார். 14 மணி 13 நிமிடம் பேசி மறுநாள் காலையில்தான் உட்கார்ந்தார். பிறகு வாக்கெடுப்பு. 67 வேண்டும். பெயர்களை ஒவ்வொன்றாக அழைக்கிறார்கள். கலிபோர்னியாவின் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேச்சை இழந்திருந்தார், சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். அவர் பெயர் வந்தது. வாய் திறக்க முயன்றார், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். அங்கே ஆமோதிக்கச் சொல்லும் 'ஐ' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஒரே ஒலி. எழுத்தர் ஆதரவு என்று குறித்துக்கொண்டார். 71-29. குடிமை உரிமை மசோதா ஒன்றுக்கு செனட் குளோச்சர் கொடுத்தது அதுவே முதல்முறை. எங்கல் அடுத்த மாதம் இறந்துபோனார்.

அந்த 71இல் இரு கட்சியினரும் உண்டு, குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது. ஃபிலிபஸ்டர் ஆதரவாளர்கள் இதைத்தான் காட்டுவார்கள்: பாருங்கள், கடைசியில் சம்மதம் உருவானது, அதனால்தான் அந்தச் சட்டம் நிலைத்தது. உண்மைதான், ஆனால் அதற்கு முன்பு செத்துப்போன மசோதாக்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். என் பதிலின் சாரமும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் நடக்கும் வாதம் பெரும்பாலும் ஃபிலிபஸ்டர் இருக்கலாமா கூடாதா என்று போகிறது. அது பழைய கேள்வி. ஏற்கெனவே பாதி போய்விட்டது. எந்தப் பாதி போனது, எது மிஞ்சியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நியமனங்களில் போய்விட்டது. 2013 நவம்பர் 21 அன்று, ஒபாமா நியமித்த நீதிபதிகளைக் குடியரசுக் கட்சி வரிசையாகத் தடுத்தபோது, ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் செய்த வேலை இது. நியமனங்களுக்கு விவாதம் முடிக்க சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஓர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். அவைத் தலைமை, இல்லை, விதிப்படி 60 வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு விதிப்புத்தகத்தின்படி சரியானதுதான். ரீட் அதை எதிர்த்து அவையிடம் முறையீடு செய்தார். தலைமையின் தீர்ப்பு நிற்கட்டுமா என்று வாக்கெடுப்பு: 48 பேர் நிற்கட்டும் என்றார்கள், 52 பேர் வேண்டாம் என்றார்கள். முடிந்தது. 22ஆம் விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அதன் அர்த்தம் மாறிவிட்டது. விதியை முறைப்படி திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இப்படிக் குறுக்கு வழியில் போக பாதிக்கு மேல் இருந்தால் போதும். அணுகுண்டு வழி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ரீட் உச்ச நீதிமன்ற நியமனத்தை மட்டும் தொடாமல் விட்டார். 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் அதே வழியில் அதையும் முடித்து, நீல் கோர்சச்சை 54-45 என்று அமர்த்தினார். அடுத்த ஆண்டு பிரெட் கவனோ 50-48. 2020இல் ஏமி கோனி பாரெட் 52-48. டிரம்ப் முதல் ஆட்சியில் அமர்த்திய மூவரில் ஒருவரும் 60ஐத் தொடவில்லை. வாழ்நாள் பதவி என்பதை நினைவில் வையுங்கள்.

பணத்திலும் போய்விட்டது. வரி, செலவு, கடன் சம்பந்தப்பட்ட மசோதாவை ரிகன்சிலியேஷன் என்ற தனிப்பாதையில் கொண்டுபோகலாம். 1974ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம் தந்த வழி அது. விவாதம் 20 மணி நேரத்தில் முடியும், ஃபிலிபஸ்டர் கிடையாது. 2017 வரிக்குறைப்பு, 2022இல் பைடனின் பருவநிலை மற்றும் மருந்து விலைச் சட்டம், 2025 ஜூலையில் டிரம்பின் பெரும் வரி மசோதா எல்லாம் இந்தப் பாதையில் வந்தவை. கடைசி இரண்டிலும் 50-50 என்று நின்று துணை அதிபரின் வாக்கால்தான் நிறைவேறியது.

இந்தப் பாதையில் கண்டதையும் ஏற்றிவிடக் கூடாது என்று 1985இல் ஒரு நிபந்தனை வந்தது. பட்ஜெட்டோடு நேரடிச் சம்பந்தமில்லாத பிரிவுகளை வெட்டிவிடலாம். அதன் பெயர் பைர்டு விதி. ஆமாம், 1964இல் 14 மணி நேரம் பேசிய அதே பைர்டு. எது சம்பந்தமுள்ளது என்று கருத்துச் சொல்பவர் பார்லிமென்டேரியன் என்ற தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அலுவலர். 2021இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் பிரிவு அவர் சொன்னதன் பேரில் வெளியே போனது. 2017 வரிச் சட்டத்தின் பெயரே வெட்டுப்பட்டது, பெயர் பட்ஜெட்டைப் பாதிக்காதல்லவா! அதனால் அந்தச் சட்டத்துக்கு இன்றுவரை அதிகாரபூர்வச் சுருக்கப் பெயர் கிடையாது. 2025இலும் அதே கூத்து நடந்தது, டிரம்ப் ஆசையாக வைத்த பெயர் மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது.

சரி, மிஞ்சியது என்ன? வாக்குரிமை, துப்பாக்கி, குடியேற்றம், கருக்கலைப்பு, தொழிலாளர் சட்டம், ஆண்டுதோறும் வரும் செலவு மசோதாக்கள். சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் 54-46 என்று ஆதரவு பெற்றுத் தோற்றது. சிறுவயதில் பெற்றோரோடு ஆவணமின்றி வந்தவர்களுக்கு வழி செய்யும் மசோதா 2010 டிசம்பரில் 55-41 என்று தோற்றது. நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது 2021 ஜனவரி 6 அன்று நடந்த தாக்குதலை விசாரிக்கும் குழு அமைக்கும் மசோதா 54-35 என்று தோற்றது. இடதுசாரிகள் மட்டும் அடிபட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்: 20 வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடுக்கும் மசோதா 2018 ஜனவரியில் 51-46 என்று தோற்றது.

ஆக, இந்த விதி எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக்குவதில்லை. பணக்காரர்களின் வரியைக் குறைக்க பாதி போதும். வாழ்நாள் நீதிபதியை அமர்த்தப் பாதி போதும். வாக்காளர் அடையாளச் சட்டத்தைக் கடுமையாக்கவும் 60, தளர்த்தவும் 60. இதை யாரும் உட்கார்ந்து யோசித்து வடிவமைக்கவில்லை. அவ்வப்போது அவசரத்துக்கு ஓட்டை போட்டு ஓட்டை போட்டு இந்த வடிவம் வந்திருக்கிறது.

இதில் ஒரு சங்கிலி உண்டு. 2010இல் அந்தக் குடியேற்ற மசோதா தோற்றது. 2012இல் ஒபாமா அதே இளைஞர்களுக்கு நிர்வாக நடவடிக்கை மூலம் தற்காலிகப் பாதுகாப்புக் கொடுத்தார். 2017இல் டிரம்ப் அதை ரத்து செய்யப் பார்த்தார். வழக்கு போனது, 2020இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த முறை சரியில்லை என்றது. அப்புறமும் வழக்கு ஓயவில்லை. செனட்டில் 55 பேர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள், அது போதாது என்று விதி சொன்னது. அதன் பிறகு அந்த இளைஞர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது ஒற்றை மனிதரின் கையெழுத்தும் ஒன்பது நீதிபதிகளும். அந்த நீதிபதிகளை அமர்த்த 60 தேவையில்லை! ஃபிலிபஸ்டர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பார்கள். செனட்டின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துகிறது, அது சரி. விட்டுப்போன அதிகாரம் காற்றில் கரைந்துவிடாது, அதிபர் மாளிகைக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விடும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும், அதில் பலமானவை உண்டு. முதலாவது நிலைத்தன்மை. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெரும்பான்மை ஓரிரு இடத்தில் மாறுகிறது. 51 போதும் என்றால் சுகாதாரக் காப்பீடும் சுற்றுச்சூழல் சட்டமும் ஊஞ்சலாடும் என்பது நியாயமான கவலை. இரண்டாவது, 60 தேவை என்பதால் பேசி முடித்த சட்டங்கள் உண்மையிலேயே உண்டு: 2021 உள்கட்டமைப்புச் சட்டம் 69-30, 2022 துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் 65-33, அதே ஆண்டு ஒருபாலினத் திருமணத்தைக் காத்த சட்டம் 61-36. கடைசியாகச் சொன்னது மத நிறுவனங்களுக்கான பாதுகாப்பு வாசகத்தைச் சேர்த்துத்தான் 60ஐத் தாண்டியது. பேரம் நடந்தது, நல்லது விளைந்தது.

ஆனால் ஊசலாட்டம் பற்றிய பயம் கொஞ்சம் மிகை என்று நினைக்கிறேன். ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்தை நீக்க 2017 ஜூலையில் வந்த மசோதா ரிகன்சிலியேஷன் பாதையில்தான் வந்தது, ஃபிலிபஸ்டர் அதைக் காப்பாற்றவில்லை. குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் நள்ளிரவு தாண்டி அவை நடுவே வந்து நின்று கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49-51 என்று தோற்றது. மக்கள் பழகிவிட்ட ஒரு சலுகையைப் பிடுங்குவது 51லேயே கடினம்.

சிறுபான்மையைக் காப்பது என்ற வாதம் செனட்டைப் பொறுத்தவரை இன்னும் சிக்கல். செனட்டே சிறு மாநிலங்களுக்குச் சாய்வாகக் கட்டப்பட்ட அவை. வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவான மக்கள், 2 செனட்டர்கள். கலிபோர்னியாவில் 3.9 கோடி, அங்கேயும் 2 பேர். தடுக்கத் தேவையான 41 பேர் சிறிய மாநிலங்களிலிருந்து மட்டுமே வந்தால், அவர்கள் பின்னால் இருப்பது நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். நடைமுறையில் அப்படி அமைவதில்லை, வெர்மான்ட், டெலாவேர், ரோட் ஐலண்ட் மாதிரிச் சின்ன மாநிலங்கள் மறுபக்கம் நிற்கின்றன. ஆனாலும் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருக்கும் அவையில், இரு அவை, அதிபர் வீட்டோ, நீதிமன்றம் என்று இத்தனை தாண்டலுக்கும் மேலாக, அரசியலமைப்பு கேட்காத இன்னொரு தடுப்பு எதற்கு என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஏன் ஒழிக்கவில்லை? பாதிக்கு மேல் இருந்தால் ஒரே பிற்பகலில் முடிக்கலாம் என்று மேலே பார்த்தோம். முடிக்காததற்குக் காரணம், செனட்டர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. நாளை நாம் சிறுபான்மை ஆவோம் என்ற பயம் ஒன்று. ரீட் 2013இல் செய்ததை மெக்கானல் 2017இல் திருப்பிக் கொடுத்தது யாருக்கும் மறக்கவில்லை. வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: நிறைவேறாது என்று தெரிந்த மசோதாவுக்கு ஆதரவாகப் பேசுவது சுகம். தொண்டர்களிடம் வாக்குக் கொடுக்கலாம், பழியை 60 மேல் போடலாம். அந்தத் திரை விலகினால் ஒவ்வொருவரும் உண்மையாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் இந்த விஷயத்தில் கொள்கை என்பது பெரும்பாலும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2017இல் 61 செனட்டர்கள் இரு கட்சியிலிருந்தும் கையெழுத்திட்டு, சட்டங்களுக்கான ஃபிலிபஸ்டரைக் காக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். கமலா ஹாரிஸும் அதில் ஒருவர். பிற்பாடு அதே ஹாரிஸ் விதிவிலக்குக் கேட்டார். மறுபக்கம் டிரம்ப், தன் முதல் ஆட்சியிலிருந்தே ஒழிக்கச் சொல்லி வருகிறார். 2025 அக்டோபர் கடைசியில், முடக்கத்தின் நடுவே, மறுபடி பகிரங்கமாகக் கேட்டார். சொந்தக் கட்சியின் செனட் தலைவர் ஜான் தூன் மறுத்துவிட்டார். டிரம்ப் சொன்னதைக் கட்சி கேட்காத அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

என் கருத்தைக் கேட்டால், ஒரேயடியாக 51 என்று இறக்குவதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: பாரத்தை எதிர்ப்பவர்கள் பக்கம் திருப்பிப் போடுவது. முடிக்க 60 பேர் வேண்டும் என்பதற்குப் பதிலாக, தொடர 41 பேர் அவையில் இருக்க வேண்டும் என்று வைப்பது. எதிர்ப்பு உண்மையாக இருந்தால் 41 பேர் இரவு இரண்டு மணிக்கும் வருவார்கள். வராவிட்டால் வாக்கெடுப்பு. 1975க்கு முந்தைய கணக்கின் நியாயம் இதில் திரும்ப வருகிறது.

நின்று பேச வேண்டும் என்று மட்டும் கேட்பது போதாது. அது எப்படி இருக்கும் என்பதற்கு டெக்சாஸ் மாநில செனட் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே பேசுபவர் சாய்ந்து நிற்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, கழிப்பறைக்குப் போகக் கூடாது, விஷயத்தை விட்டு விலகவும் கூடாது. 2013 ஜூன் 25 அன்று வெண்டி டேவிஸ் காலணி முதற்கொண்டு அதற்கேற்ப அணிந்து வந்து, கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவை எதிர்த்துச் சுமார் பதினோரு மணி நேரம் நின்றார். முதுகுப் பட்டை கட்டிக்கொள்ள ஒரு சக உறுப்பினர் உதவியதைக்கூட விதிமீறல் என்று எழுதினார்கள். நள்ளிரவில் கூட்டத்தொடர் முடிந்து மசோதா அன்று நிறைவேறவில்லை. ஆனால் ஆளுநர் மறுபடி சிறப்புக் கூட்டம் கூட்டினார், அடுத்த மாதமே அது சட்டமானது. பேசும் ஃபிலிபஸ்டர் இவ்வளவுதான் செய்யும்: நாட்டின் கவனத்தைத் திருப்பும், கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். சிறுபான்மைக்கு அவ்வளவு கிடைப்பது நியாயம் என்பேன்.

வாஷிங்டனில் இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. குறைந்தபட்ச வருகை இல்லை என்று சிறுபான்மையில் ஒருவர் எழுப்பினால் 51 பேரைக் கொண்டுவந்து காட்ட வேண்டியது பெரும்பான்மையின் வேலை. ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்க, மறுதரப்பில் 51 பேர் பக்கத்து அறையில் கட்டில் போட்டுப் படுத்துக் கிடப்பார்கள். பழைய நாட்களில் அப்படித்தான் நடந்தது. 41 பேர் விதியோடு இந்த வருகை விதியையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் எழுதியதற்குப் பலன் இருக்காது.

இதை யாரும் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரி 19 இரவு, வாக்குரிமை மசோதா ஒன்றுக்கு மட்டும் பேசும் ஃபிலிபஸ்டரைக் கட்டாயமாக்க ஜனநாயகக் கட்சி வாக்கெடுப்பு நடத்தியது. 48-52 என்று தோற்றது. குடியரசுக் கட்சியின் 50 பேரோடு சேர்ந்து எதிர்த்தவர்கள் ஜனநாயகக் கட்சியையே சேர்ந்த ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினெமாவும். இருவருமே 2025 ஜனவரியில் செனட்டை விட்டுப் போய்விட்டார்கள்.